தண்ணீர் நிற்காத தரை

"தண்ணி நிக்கக்கூடா அப்பா. ஊத்தின தண்ணி ஊத்தின உடனே போகோணும். ஒரு சிரட்டையளவு நிண்டாலும் அம்மாவ அப்பிடியே திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்திருவன். சொல்லிப்போட்டன்."

மகள் அஜந்தா டவுனிலிருந்து போனில் இதைச் சொன்னபோது வினாயகமூர்த்தி அந்தக் குளியலறை வாசலில்தான் குந்தியிருந்தார். அவருக்கு எதிரே, பைப்புக்குக் கீழ் மூலையில், முந்தாநாள் ஊற்றிய தண்ணீர் இன்னும் அசையாமல் கிடந்தது. தண்ணீர் போகவேண்டிய ஓட்டையோ மற்றப் பக்கச் சுவரோடு, மேட்டில், காய்ந்துபோய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கட்டிய மேசன் எந்த நேரத்தில் என்ன யோசனையோடு கட்டினானோ தெரியாது. தண்ணீர் மேட்டுக்கு ஏறிப் போகும் என்று நம்பியிருக்கிறான்.

கார்த்திகை மழையில் அந்த மூலையில் பாசி படர்ந்தது. அவர் மனைவி இராசாத்தி அதில் கால் வைத்தாள். இடுப்பெலும்பு முறிந்து, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து, பிறகு அப்படியே டவுனில் மகள் வீட்டோடு இருந்துவிட்டாள். ரைல்ஸ் பதித்த பாத்ரூம், பிடித்துக்கொண்டு நடக்க நாலு கால் சட்டம், பக்கத்தில் டொக்டர், எல்லாம் அங்கே இருந்தன. அவள் விழுந்த நேரம் வினாயகமூர்த்தி வட்டையில் நின்றார். வட்டை என்றால் மண்டூருக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும் வயல்வெளி. அவர் வீடு வந்து சேர்ந்தபோது மத்தியானமாகிவிட்டது. அந்த நாளை அதற்கு மேல் நினைக்க அவருக்கு விருப்பமில்லை. நினைவு அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து போய்க் கோழிகளுக்குத் தீன் போடுவார். இந்த இரண்டு மாதத்தில் கோழிகள் நன்றாகக் கொழுத்துவிட்டன.

வீடு இராசாத்தியின் சீதனம். இந்தப் பகுதியில் ஆண்பிள்ளைகள்தான் கலியாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்குப் போவார்கள். வினாயகமூர்த்தியும் முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் ஒரு றங்குப்பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தவர். இப்போது வீட்டுக்காரி டவுனில், பெட்டியோடு வந்தவர் வீட்டில். அறுபத்து மூன்று வயதில் அவருக்கு அது பெரிய வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடப் பெரிதாக வேறொன்றும் இருந்தது: அவள் இல்லாத வீட்டில் அவரால் இருக்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதை மகளிடம் சொல்ல வாய் வராது. "தரையத் திருத்திப்போட்டுச் சொல்றன்," என்று மட்டும் சொன்னார்.

"அடுத்த கிழமை ஞாயிறு வாறம். நானே தண்ணி ஊத்திப் பாப்பன்," என்றாள் அஜந்தா. பிறகு போனை அம்மாவிடம் கொடுத்தாள்.

"கோழி அடைஞ்சதா?" என்றாள் இராசாத்தி.

"அடைஞ்சிட்டு."

"சரி."

போன் மறுபடி மகளின் கைக்குப் போய்விட்டது. இரண்டு மாதமாக இதே மூன்று வசனம்தான். கம்பி வைத்த உடம்பு, கதைக்கக் களைப்பாக இருக்கும் என்று வினாயகமூர்த்தி தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஊரில் ஒரு மேசன் வந்து பார்த்தான். கால் பெருவிரலால் தரையை இரண்டு தட்டுத் தட்டி, முழுக்கக் கிளறி எறிந்து ரைல்ஸ் போட்டால்தான் சரிவரும் என்று ஒரு தொகை சொன்னான். வினாயகமூர்த்தி யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். யோசிக்க என்ன இருக்கிறது? அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம் கிடந்தது, கை வறண்டு கிடந்தது. அதோடு உள்ளுக்குள் ஒரு ரோசமும் எழும்பியது. நாற்பது வருடமாக ஏக்கர் கணக்கில் மண்ணை மட்டம் பண்ணுகிறவன், பாய் விரித்தால் நிரம்பிப் போகிற இந்த இடத்தை மட்டம் பண்ணுவதற்கு இன்னொருத்தனைத் தேடுவதா?

ஒரு பை சீமெந்து வாங்க ஹாட்வெயார் கடைக்குப் போனார். கடைக்கார முஹம்மட் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"ஆரு மேசன்?"

"நான்தான்."

முஹம்மட் உள்ளே போய் மேசன்மார் சாந்து பூசுகிற பழைய சாந்தகப்பை ஒன்றைக் கொண்டுவந்து சீமெந்துப் பையின் மேல் வைத்தார். "வேலை முடிஞ்ச உடனே கழுவித் தாங்க. பழைய தரையக் கொத்திச் சொரசொரப்பாக்கிப்போட்டுப் போடுங்க, இல்லாட்டி புதுசு பழசோட ஒட்டாது. போட்டு அடுத்த நாள்ள இருந்து ஏழு நாளைக்குத் தண்ணி கட்டி வைங்க. அப்பதான் இறுகும்."

தண்ணி கட்டி வைப்பது! வினாயகமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. எதைக் கட்டத் தெரியாவிட்டாலும் தண்ணி கட்டத் தெரியும்.

முதல் நாள் முழுக்கப் பாசி சுரண்டுவதிலேயே போனது. பழைய கத்தியாலும் தென்னந்தும்பாலும் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் தரையின் உண்மையான நிறம் தெரிந்தது. இரண்டாம் நாள் காலை ஓட்டையைத் துணியால் அடைத்தார். வாசலுக்குக் குறுக்கே களிமண்ணால் ஒரு சின்ன வரம்பு கட்டினார். பிறகு கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். வயலில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று மனிதக் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும். தண்ணீரை விட்டால் பள்ளம் மறையும், மேடு முதுகைக் காட்டும். அதற்கு ஒரு கருவியும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

தண்ணீர் மெல்ல ஏறியது. தரையின் மேடுகள் ஒவ்வொன்றாகத் தீவாகின. பைப்புப் பக்கம் திறந்த வாவி. நடுவில் நீளமாக ஒரு தீவு, ஓட்டைப் பக்கம் பெரிய கரை, சுவரோரம் மிளகளவில் இரண்டு மூன்று திட்டுகள். சுவரில் பதித்த பூக்கல்லின் துவாரங்களால் வெயில் உள்ளே விழுந்து தண்ணீரில் பட்டு, மேலே தகரத்தில் போய் வலைவலையாக ஆடியது. வினாயகமூர்த்தி வாசலில் குந்தி அதைப் பார்த்தார். கரியால் தீவுகளைச் சுற்றிக் கோடு போடவேண்டும் என்று கையில் ஒரு கரித்துண்டு வைத்திருந்தார். கரி கையில் இருந்தது, கை முழங்காலில் இருந்தது, மனம் அந்த நீளத் தீவின் ஓரமாகத் தோணி விட்டுக்கொண்டு போனது. அங்கே கொக்குகள் இருந்தன. காற்று இல்லை. யாரோ தூரத்தில் வலை எறிகிற சத்தம், பிறகு அதுவும் இல்லை. வெயில் சுவரை விட்டு இறங்கிப் போனபிறகுதான் தான் காலையில் இருந்து தேநீர்கூடக் குடிக்கவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது.

சொல்லத்தான் வேண்டும், இவருக்கு இது பழைய வியாதி. தண்ணீரைக் கண்டால் அப்படியே நின்றுவிடுவார். ஊரில் அவரை உழைப்பாளி என்றுதான் சொல்வார்கள், அது பொய்யில்லை. ஆனால் வேலை செய்த நேரத்தையும் வேலை முடிந்து வரம்பில் நின்ற நேரத்தையும் ஊரார் பிரித்துப் பார்த்ததில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கரிக்கோடு போட்ட மேடுகளை அடுத்த நாள் உளியால் கொத்தினார். மிச்சத் தரையையும் முஹம்மட் சொன்னபடி சொரசொரப்பாக்கி, கூட்டி, கழுவி, சீமெந்தைத் தண்ணீரில் கூழாகக் கரைத்துத் தும்பால் பூசினார். மணலை அரித்து, மூன்று வாளி மணலுக்கு ஒரு வாளி சீமெந்து என்று குழைத்தார். பழைய கட்டிலின் சட்டப்பலகை ஒன்று நேராக இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து, மூலையிலிருந்து வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்து நகர்ந்து இழுத்தார். சேற்றில் பலகை இழுப்பது போலத்தான் இருந்தது. முதுகு நோகவில்லை. கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எங்கே அமத்துவது, எங்கே விடுவது, எப்போது ஒரு பிடி எடுத்துப் பள்ளத்தில் போடுவது என்று. ஓட்டையைச் சுற்றி ஒரு வளையம் கட்டியதும் அந்தக் கைதான். வளையத்தை விரலால் வழித்து அழகு பார்த்தார். இராசாத்தி பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்துத் தனக்குள் வெட்கப்பட்டார்.

மறுநாளிலிருந்து தண்ணீர் கட்டினார். ஏழு நாளும் அந்தத் தண்ணீர் அங்கே நின்றது. அவருடைய வாழ்க்கையில் அப்படி ஒரு வாரம் வந்ததில்லை. காலையில் கண் விழித்ததும் போய்ப் பார்ப்பார். ஒரு ஈர்க்கில் நகத்தால் அடையாளம் கீறி, நாலு மூலையிலும் நடுவிலும் ஊன்றிப் பார்ப்பார். அடையாளத்துக்கு மேலுமில்லை, கீழுமில்லை. எங்கே ஊன்றினாலும் ஒரே ஆழம். மேடு என்று ஒரு மயிரிழை இல்லை. இந்த வட்டையில் எந்தப் பெரிய நிலக்காரப் போடியாரின் வயலும் இவ்வளவு மட்டமாக இருந்ததில்லை என்று அவர் சத்தியம் பண்ணியிருப்பார். தகரமும் பூக்கல்லும் அதற்குள் தலைகீழாக நின்றன. பல்லியொன்று சுவரில் போனால் தண்ணீருக்குள் இன்னொரு பல்லி அதன் கால்களைத் தொட்டுக்கொண்டு போனது.

நாலாம் நாள் பகல் வாசல் நிலையில் சாய்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டார். குளியலறைக்குள் நெல் முளைத்திருந்தது. இளம்பச்சை, ஒரு சாண் உயரம், சுவரில்லாத வெளி. அந்தப் பச்சைக்கு நடுவால் இராசாத்தி வந்துகொண்டிருந்தாள். தண்ணீருக்குள்தான் நடந்தாள், ஆனால் சத்தமில்லை, வளையங்கூட எழும்பவில்லை. வாயைத் திறந்து என்னவோ சொன்னாள். என்ன என்று கேட்கக் கண்ணைத் தண்ணீரை விட்டுத் திருப்பவேண்டும். அவர் திருப்பவில்லை. அவள் காலடியில் தண்ணீர் எவ்வளவு அழகாகப் பிரிகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றார். விழித்துக்கொண்டார். கனவை யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கோழிகளுக்குத் தீன் போட்டார்.

சனிக்கிழமை காலை ஓட்டையை அடைத்த துணியை இழுத்தெடுத்தார்.

தண்ணீர் ஒரு சுழி சுழித்துக்கொண்டு இறங்கியது. வெளியே வாழையடியில் குழாய் வழியாக ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பிறகு சத்தம் மெலிந்தது. பிறகு நின்றுவிட்டது. தரையில் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர் அப்படியே இருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். கையால் தள்ளிவிட்டார். தள்ளிய தண்ணீர் ஓட்டை வரைக்கும் போய், வளையத்தில் முட்டி, மரியாதையாகத் திரும்பி வந்து தன் இடத்தில் இருந்துகொண்டது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஓட்டையைச் சுற்றித் தான் கட்டியது வளையமில்லை, வக்கடை. வயலில் மிஞ்சின தண்ணீரை வெளியே விடுவதற்கு வரம்பில் வெட்டுகிற வாய்தான் வக்கடை. அதன் அடியை எப்போதும் கொஞ்சம் உயர்த்தித்தான் வைப்பார்கள். மிஞ்சினது போகும், பயிருக்கு வேண்டியது நிற்கும். நாற்பது வருடம் தண்ணீரை நிறுத்தப் பழகிய கை, தரையிலும் தண்ணீரை நிறுத்திவிட்டது.

உளியை எடுத்து வளையத்தைக் கொத்தி எறிந்தார். தண்ணீர் இன்னும் கொஞ்சம் இறங்கியது. இறங்கி, ஒரு கடுதாசி தடிப்பில், தரை முழுக்கச் சமனாகப் படர்ந்து நின்றது. அதற்கு எந்தப் பக்கம் போகவும் காரணமில்லை. எல்லாப் பக்கமும் ஒன்றுதான். சாக்கால் ஒற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஒரு வாளி ஊற்றினார். மறுபடி நின்றது. அவ்வளவு மட்டம். வினாயகமூர்த்தி தன் கெட்டித்தனத்தை நொந்துகொண்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு அவர்கள் வரப்போகிறார்கள். இன்றைக்குச் சாய்வு வைத்துப் பூசினாலும் நாளைக்குக் கால் வைக்க ஏலாது.

இன்னொரு கிழமை பொறுத்து வாருங்கள் என்று சொல்லலாம் என்று போனை எடுத்தார். இராசாத்தியே பேசினாள்.

"நாளைக்கு வாறம்தானே?" என்றாள்.

கோழியைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் கேட்ட முதல் வேறு கேள்வி அது. வினாயகமூர்த்தியின் வாயிலிருந்த பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது.

"வாங்க," என்றார்.

ஞாயிறு காலை வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு துறைக்குப் போய் நின்றார். மண்டூருக்கும் அக்கரையில் குருமண்வெளிக்கும் நடுவே வாவியைக் கடக்கிற பெரிய மிதவைக்கு இந்தப் பக்கத்தில் பாதை என்றுதான் பேர். மற்ற ஊர்களில் பாதை கிடக்கும், மனிதர் நடப்பார்கள். இங்கே மனிதர் நிற்பார்கள், பாதை நடக்கும். அன்றைக்கு வாவியில் மென்மூட்டமாக இருந்தது. வானமும் தண்ணீரும் ஒரே நிறம். அதற்கு நடுவில் மோட்டார்ச் சைக்கிள்களும் ஒரு ஓட்டோவும் ஆட்களுமாகப் பாதை வந்துகொண்டிருந்தது. வருகிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை. அது அப்படியே அங்கே நின்றுவிட்டால் நல்லது, அவள் வந்துகொண்டே இருப்பாள், யாரும் வாளியில் தண்ணீர் எடுக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் பாதை வந்து கரையில் முட்டியது. ஓட்டோவுக்குள் இராசாத்தி இருந்தாள். மெலிந்திருந்தாள். அவரைப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கதிரையில் இருத்தியதும் அஜந்தா கைப்பையைக்கூட வைக்காமல் வாளியைத் தூக்கினாள். வினாயகமூர்த்தி அவள் பின்னால் போனார். அவள் தண்ணீரை மூலையிலிருந்து ஊற்றினாள். தண்ணீர் அழகாக விரிந்து, நாலு சுவரையும் தொட்டு, நின்றது.

அஜந்தா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, இது வயல்," என்றாள்.

"ஓம்."

"வயல் செஞ்சு வெச்சிருக்கீங்க."

"ஓம் மகள்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியவள் பாதியிலேயே கண்ணைத் துடைத்தாள். "எனக்குப் பயமாக் கிடக்கப்பா. மறுகா ஒருக்கா விழுந்தா அம்மா எழும்பமாட்டா எண்டு டொக்டர் சொல்லியிருக்கார். நான் இரண்டு மணிப் பாதையில கூட்டிக்கொண்டு போறன். குறை நினைக்காதீங்க."

வினாயகமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தரையில் தன் முகம் தெரிந்தது, அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

"என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்க." வீட்டின் முன்பக்கத்திலிருந்து இராசாத்தியின் குரல் வந்தது.

டவுனிலிருந்து கொண்டுவந்த நாலு கால் சட்டத்தைப் பிடித்து அடி அடியாக நடந்து வந்தாள். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடம் வயல்காரனோடு வாழ்ந்தவளுக்கு அங்கே என்ன நடந்திருக்கிறது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

"மட்டம் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "இதுக்கு மேல சாய்வா ஒண்டு பூசினாச் சரி. அது ஒரு நாள் வேலை. அதுக்கில்ல நான் யோசிக்கிற."

"அம்மா..." என்றாள் அஜந்தா.

"பொறு புள்ள. நீயும் அப்பாவும் இரண்டு மாசமாத் தரையத்தான் கதைக்கிறீங்க. ஆராவது என்னட்டக் கேட்டீங்களா? வழுக்கினது பாசிதான். பாசியில வழுக்காத ஆள் ஆரு? விழுந்து கிடந்து நான் கூப்பிட்டன். அண்டைக்கு மழை விட்டு வெயில் அடிச்சது. அந்தா, அந்தப் பூக்கல்லால வாற வெயில் அந்தச் சுவரில இருந்து என்ர கைக்கு வந்து, கையக் கடந்து போற வரைக்கும் கூப்பிட்டன். குரல் போயிட்டு. பயம் அதுதான். எனக்குத் தரையில பயமில்ல."

பின்வளவில் கோழியொன்று கொக்கரித்தது, எழுந்து போய்த் தீன் போட இப்போது வழியில்லை. சொல்லப்போவது வினாயகமூர்த்திக்கே தெரியாது, சொல்லிவிட்டார்.

"அண்டைக்கு எனக்கு வட்டையில வேலை இருக்கல்ல. ஒன்பது மணிக்கே முடிஞ்சிட்டு. தண்ணி வடிவா நிண்டுது. சும்மா அதப் பாத்துக்கொண்டு வரம்பில நிண்டனான்."

மகள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். இராசாத்தி திரும்பவுமில்லை.

"தெரியும்," என்றாள்.

"எப்பிடி?"

"நிலத்தில கிடக்கிறவளுக்கு முதல்ல தெரியிறது கால்தானே. நீங்க ஓடி வந்தீங்க, உங்கட காலக் கண்டன். சேறு காஞ்சு, வெள்ளையாப் பொரிஞ்சு கிடந்தது. வேலை முடிஞ்ச உடனே வாற காலில சேறு ஈரமா இருக்கும், எனக்குத் தெரியாதா?"

இரண்டு மாதமாகக் கோழிக்கு மேல் பேச்சுப் போகாததன் காரணம் வினாயகமூர்த்திக்கு அந்த வாசலில் வைத்து விளங்கியது. இடுப்பெலும்பு இல்லை, களைப்பு இல்லை. அவளுக்குக் கோபம். வெள்ளைச் சேட்டோடு அவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. மகளுக்கு முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தரம்.

இராசாத்தி சட்டத்திலிருந்து ஒரு கையை எடுத்தாள். அவரைத் தொடவில்லை. வாசல் நிலையைத் தட்டிக் காட்டினாள்.

"நான் குளிக்கக்குள்ள நீங்க இதில நிக்கோணும். கூப்பிட்டா ஓம் எண்டோணும். வட்டை ஒரு இடமும் ஓடிப்போகாது. ஏலுமெண்டாச் சொல்லுங்க, நான் இருக்கன். ஏலாட்டி இரண்டு மணிப் பாதை இருக்குத்தானே, பிள்ளையோட போறன்."

"நிக்கிறன்," என்றார் வினாயகமூர்த்தி.

"அறுவடை வந்தாலும்?"

"வெட்டுற மெசின் வந்து வெட்டிப்போட்டுப் போகும். நான் நிக்கிறன்."

அஜந்தா இரண்டு மணிப் பாதையில் போகவில்லை. அன்றிரவு தங்கி, அம்மாவின் மருந்துகளை எந்த நேரம் எது என்று அப்பாவை மூன்று தரம் ஒப்புவிக்கச் செய்து, மூன்று தரமும் பிழை பிடித்து, அடுத்த நாள் காலைதான் போனாள்.

அந்த வாரம் மறுபடியும் கொத்தினார், மறுபடியும் குழைத்தார். இந்தமுறை வாசலில் கதிரை போட்டு இராசாத்தி இருந்தாள். தூரத்துச் சுவரில் இரண்டு விரல் உயரம், ஓட்டையடியில் வெறும் பூச்சு, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் கை கேட்கவில்லை. பலகையை இழுக்க இழுக்க அது தானாக மட்டத்துக்கே திரும்பியது. "சாயுங்க, இன்னும் சாயுங்க," என்று அவள் சொல்லிக்கொண்டேயிருந்தாள். "வயல விட்டு வெளிய வாங்க." கடைசி இழுவையை இழுத்து நிமிர்ந்தபோது அவருக்கு அந்தத் தரை கோணலாக, அசிங்கமாகத் தெரிந்தது. யாராவது தன் வயலை அப்படி வைத்திருந்தால் காறித் துப்பியிருப்பார். ஈரச்சாக்கை விரித்து ஏழு நாள் நனைத்துக் காய வைத்தார். அது வரை வெந்நீரில் துணி நனைத்து அறைக்குள்ளேயே அவளுக்கு உடம்பு துடைத்துவிட்டார்.

எட்டாம் நாள் காலை வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் வாளியில் ஆவி பறந்தது. பிளாஸ்ரிக் கதிரையை உள்ளே வைத்து இராசாத்தியை இருத்தி, வாசல் சீலையை இழுத்துவிட்டு, வினாயகமூர்த்தி வெளிப்பக்கம் திரும்பி நின்றார். உள்ளே முதல் கோப்பைத் தண்ணீர் விழுந்தது. தரையில் அது நிற்காமல் ஓடுகிற சத்தம் கேட்டது. வாழையடியில் குழாய் வழியாக விழுந்து, மண்ணை நனைத்து, ஒரு குழியில் சேர்ந்தது. குழிக்குள் வாழையிலையும் ஒரு துண்டு வானமும் வந்து இறங்கின. வேப்பிலை ஒன்று அந்த வானத்தில் மெல்லச் சுற்றியது. அதைச் சுற்றி இன்னும் தண்ணீர் வந்தது, கரை கொஞ்சம் உடைந்தது, தண்ணீர் வளைந்து இன்னொரு குழியைத் தேடிப் போனது...

"இஞ்ச! நிக்கிறீங்களா?"

இரண்டாம் தரம் கூப்பிடுகிறாள். முதல் தரத்தை அவர் கேட்கவில்லை. அந்தக் குரலின் நுனியில் நடுக்கம் இருந்தது.

வினாயகமூர்த்தி தண்ணீரை விட்டுத் திரும்பினார். சீலைப் பக்கமாக, சீலையில் மூக்கு முட்டுகிற அளவுக்குத் திரும்பி நின்றார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, பழைய சீலையின் மங்கிய பூக்கள்தான்.

"ஓம் புள்ள. நிக்கிறன்."

அவள் குளித்து முடிவதற்குள் ஒன்பது தரம் கூப்பிட்டாள். சோப்பு வேண்டுமென்றோ துவாய் வேண்டுமென்றோ ஒரு தரமும் கேட்கவில்லை. சும்மா கூப்பிட்டாள். ஒவ்வொரு தரமும் அவர் ஓம் என்றார்.